கரி பஸ்ஸில் வந்த மாப்பிள்ளை

என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டாரைப் பரங்கிமலையிலிருந்து அழைத்துவர அப்பா ஒரு பஸ்ஸையே ஏற்பாடு செய்திருந்தார். கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பெட்ரோலுக்கு ரேஷன் வந்து, விலையும் எகிறிய யுத்த காலம் அது. சாந்தோமில் கார் வைத்திருந்தவர்களே டிராமுக்குக் காத்து நின்றார்கள். பள்ளிக்கூட வாத்தியார் மகளுக்குப் பஸ் என்றால் சும்மாவா!

கரி பஸ்தான். பின்னால் ஆளுயர இரும்பு உருளை ஒன்று இருக்கும். அதில் அடுப்புக்கரியைக் கொட்டிக் கனலாக்கி, கிளம்பும் வாயுவில் வண்டியை ஓட்டுவார்கள். பஸ் எதில் ஓடினால் நமக்கென்ன என்றுதான் முதலில் இருந்தோம். பஸ்கள் கரியைத் தின்னத் தின்னக் கரி விலை ஏறிய பிறகுதான் உறைத்தது. இஸ்திரி போடுகிறவர் கூலியை ஏற்றினார். மயிலாப்பூர் மார்க்கெட்டில் கத்தரிக்காய் விலையைக் கேட்டு வாயைப் பிளந்தால், "லாரி எங்கம்மா ஓடுது? மாட்டு வண்டில வந்த காய் இது" என்பாள் கடைக்காரி. கத்தரிக்காய் ரயிலில் முதல் வகுப்பில் வந்த மாதிரிதான் பேச்சு. ஜட்காக்காரரிடம் நான் சண்டையே போட்டேன்.

"உங்க குதிரை பெட்ரோலா குடிக்குது?"

"பஸ்ஸு கொறைஞ்சி பூட்ச்சி கண்ணு, அல்லாரும் என் வண்டிக்குத்தான் வராங்கோ. கொள்ளு விக்கிற வெலைல குதிர இன்னாத்த தின்னுட்டு ஓடும்?" என்றார் அவர். கேட்ட கூலிக்கே ஏறி உட்கார்ந்தேன்.

இத்தனைக்கும் நடுவில் அப்பா எப்படியோ அலைந்து கல்யாணச் சமையலுக்கு இரண்டு மூட்டை கரி சேர்த்துவிட்டார். பிரியாணிக்குத் தம் போட அது இல்லாமல் முடியாது. பஸ்ஸுக்கென்றும் ஒரு மூட்டை வாங்கி, முதல் நாளே பஸ்ஸின் மேல் கட்டி அனுப்பினார்.

கல்யாணம் திங்கட்கிழமை. புதன்கிழமை விபூதிப் புதன். தவசு காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரைக்கும் கோவிலில் கல்யாணம் கிடையாது. மாப்பிள்ளைக்கு ரயில்வே வேலை. வடக்கே மாற்றல் உத்தரவு கையில் இருந்தது. அன்று தாலி ஏறாவிட்டால் அவர் தனியாகப் போய்விடுவார், யுத்தம் முடிந்து எப்போது வருவாரோ தெரியாது. பங்குச்சாமியாரோ கண்டிப்பானவர். நண்பகல் மணி அடித்தால் பூசை கிடையாது, மறுநாள் தான் ஊரிலேயே இல்லை என்று சொல்லிவிட்டார்.

காலையில் வெள்ளைப் பட்டும் முக்காடுமாக நான் கோவிலில் வந்து இறங்கினேன். பஸ்ஸைக் காணோம். வாசல் படியிலேயே உட்கார்ந்து தெருமுனையைப் பார்த்தேன். கடைசியில் மாப்பிள்ளைத் தோழர் எங்கேயோ இரவல் வாங்கிய சைக்கிளில் வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். அவர் மாப்பிள்ளைக்குப் பெரியப்பா மகன்.

"வண்டி சின்னமலைகிட்ட நின்னுடுச்சு. கரி இல்ல."

"ஒரு மூட்டை கட்டி அனுப்பினேனே!" என்றார் அப்பா.

தோழர் தலையைச் சொறிந்தார். "சித்தி, அதான் மாப்பிள்ளையோட அம்மா, அதைச் சீர்னு நெனச்சிட்டாங்க. சம்பந்தி வீட்டுல கரியே சீரா அனுப்பியிருக்காங்கன்னு தெருவெல்லாம் சொல்லி, இறக்கி உள்ள வச்சுப் பூட்டிட்டாங்க. டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தாரு."

எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அந்த வருஷம் கரி மூட்டையைச் சீர் என்று நினைத்ததில் என்ன தப்பு! பூவும் பழமும் எங்கும் கிடைத்தன, கரிதான் கிடைக்கவில்லை.

"மாப்பிள்ளையை மட்டும் சைக்கிள்ல ஏத்திட்டு வர்றதுதானே?" என்றார் அப்பா.

"கூப்பிட்டேன். பூசையில நன்மை அப்பம் வாங்கணும்னு ராத்திரியிலேர்ந்து எல்லாரும் பச்சத்தண்ணிகூடக் குடிக்காம இருக்காங்க, அவங்களை நடுரோட்டுல விட்டுட்டு வரமாட்டேன்னு சொல்லிட்டான்."

அந்த மனிதரை அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். அப்போதுதான் அவரை எனக்கு உண்மையாகவே பிடித்தது. இவரை விடக் கூடாது என்று எழுந்துவிட்டேன்.

மணப்பெண் விடுவிடுவென்று, கோவிலுக்குப் பக்கத்தில் விருந்துக்குப் போட்டிருந்த பந்தலுக்குப் பின்னால் போனால் ஊர் சும்மா இருக்குமா? அத்தைமார்கள் வாயில் கைவைத்து நின்றார்கள். நான் நேராகச் சமையல்கார பாயிடம் போய்க் கரியைக் கேட்டேன்.

"யா அல்லா! கரிய குடுத்துட்டா தம் எதுல போடறதும்மா? பிரியாணி கஞ்சியாப் பூடும். அப்புறம் எவன் என்னைக் கூப்புடுவான்?"

"மாப்பிள்ளையே வராம பிரியாணி யாருக்கு பாய்?"

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பாவுக்குத் தன் விருந்தும் மானமும் கண்முன் வந்து போயிருக்கும். பிறகு அவரே ஒரு மூட்டையின் முனையைப் பிடித்தார். மறு முனையை நான் பிடித்தேன். என்னை ஏற்றிவந்த ஜட்காவிலேயே இரண்டையும் போட்டோம். "இன்னாம்மா, பொண்ணு வந்த வண்டில கரியா?" என்று முனகிக்கொண்டே ஜட்காக்காரர் குதிரையைத் தட்டினார். அன்று அந்தக் குதிரை ஓடிய ஓட்டம்!

காத்திருந்த நேரத்தில் எனக்குத் தெரிந்த ஜெபமெல்லாம் தீர்ந்துவிட்டது. சாமியார் வாசலுக்கும் பீடத்துக்குமாக நடந்தார். வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. அப்புறம் கேட்டது பாருங்கள், கடகடவென்று ஒரு சத்தம்! புகையோடு தெருமுனையில் பஸ் திரும்பியது. ஜனங்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், மணப்பெண் என்பதையே மறந்துவிட்டு.

முதலில் குதித்தவர் மாப்பிள்ளைதான். உருளையில் கனல் பிடிக்கக் காற்று விசிறியின் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி முகமெல்லாம் கரி. மூட்டை தூக்கிய என் கையும் கறுப்பு. கழுவ நேரமில்லை. அந்தக் கைகளாலேயே மோதிரம் மாற்றிக்கொண்டோம். தாலி ஏறி, பூசையும் பாதியைத் தாண்டிய பிறகுதான் மணி அடித்தது.

வெளியே வந்தால் பாய் பிரியாணித் தேக்சாக்களின் முன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டிரைவர் பஸ்ஸின் பின்பக்க இரும்புக் கதவைத் திறந்து, தகதகவென்றிருந்த தணலைத் தகரத்தட்டில் வாரிக்கொண்டு வந்தார். பாய் துள்ளி எழுந்து அதை மூடிகளின் மேல் பரப்பினார். பட்டினி கிடந்த எல்லோரும் சுற்றி நின்று தம் உடைவதற்குக் காத்திருந்தோம். அப்படி ஒரு பிரியாணியை நான் பிறகு சாப்பிட்டதே இல்லை.

விஷயம் தெரிந்த மாமியார் அன்று முழுவதும் என் கண்ணில் படாமலே இருந்தார். நாங்கள் வடக்கே கிளம்பிய அன்றுதான் சென்ட்ரலுக்கு வந்தார். பின்னால் கூலியாள் தலையில் அந்தக் கரி மூட்டை, பிரிக்காமல் அப்படியே.

"போற ஊர்ல கரி என்ன வெலையோ! எடுத்துட்டுப் போம்மா. இது என் சீர்" என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார். நானும் அழுதேன்.

வண்டியில் ஒரே பட்டாளத்துக் கூட்டம், நிற்கக்கூட இடமில்லை. கதவோரம் அந்த மூட்டையைப் போட்டு அதன் மேல் நானும் அவரும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். என் புதுப்புடவை கறுத்தது. நான் எழுந்திருக்கவில்லை.