கவாத்து வெட்டிய நாளைக் காணோம்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஆறரை மணி. வாயில் பிரஷ்ஷோடு நிற்கிறேன், போன் அடித்தது.

"அண்ணே, ஒங்க ஆப் இன்னைக்கு முப்பதாம் நாளுங்குது. எம் பந்தலு முப்பத்தொண்ணுங்குது. ரெண்டுல யாரு சொல்றதக் கேக்க?"

பேசியது பாண்டீஸ்வரி. சுருளிப்பட்டியில் ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சை பார்க்கிறவர். என்னைவிட நாலைந்து வயது இளையவர். நான் எழுதிய திராட்சை ஆப்பைப் பயன்படுத்தும் ஏழு பேரில் ஒருவர்.

ஏழே பேரா என்று சிரிக்காதீர்கள். சின்னமனூரில் வீட்டிலிருந்தபடி நான் சம்பளத்துக்கு எழுதும் சாஃப்ட்வேரை லட்சக்கணக்கான பேர் பயன்படுத்துகிறார்களாம். அதில் ஒருவராவது காலையில் என்னைக் கூப்பிட்டுச் சண்டை போட்டதுண்டா? சைடு புராஜெக்ட்டின் சுகமே அதுதான்.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு விஷயம். எங்கள் பக்கத்தில் திராட்சைக்குத் தனிக் காலண்டர். கொடியின் கிளைகளைக் கழித்துக் கவாத்து வெட்டிய நாளிலிருந்து எண்ணுவார்கள். வழியில் இரண்டு திராட்சைக்காரர்கள் சந்தித்தால் முதல் கேள்வி, "ஒங்க தோட்டம் எத்தன நாளு?" என்பதுதான். எப்போது மருந்து, எப்போது தண்ணீர், எப்போது ஆள் — எல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான் பேசுவார்கள். என் ஆப்பின் வேலையும் அவ்வளவுதான். கவாத்துத் தேதியைக் கொடுத்தால் இன்றைக்கு எத்தனையாவது நாள் என்று பெரிய எழுத்தில் காட்டும்.

அதில் போய்த் தப்பு வருமா? வாயைக் கொப்பளித்துவிட்டு, கொஞ்சம் தெனாவட்டாகவே விளக்கினேன்.

"தப்பில்லம்மா. கவாத்து வெட்டுன அன்னைக்கு பூஜ்ஜியம். மறுநாள் ஒண்ணு. கம்ப்யூட்டர்ல அப்படித்தான் எண்ணுவோம்."



"பூஜ்ஜியமா? அன்னைக்கு விடியமுன்ன எந்திரிச்சு, பன்னெண்டு ஆளுக்குக் கஞ்சி காச்சி, பொழுது சாயுற வரைக்கும் அண்ணாந்தே நின்னு கழுத்து பிடிச்சுக்கிருச்சு. அந்த நாளு கணக்குலயே இல்லையாண்ணே?"

பதினெட்டு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். எத்தனையோ மீட்டிங்கில் எத்தனையோ பேர் என் புரோகிராமைக் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். இவ்வளவு சுத்தமாக யாரும் கிழித்ததில்லை. எங்கள் பள்ளத்தாக்கு முழுக்க வெட்டிய நாளை ஒன்று என்று எண்ணுகிறது. அதை ஒருவரிடமும் கேட்காமல் நான் பூஜ்ஜியம் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

"சரிம்மா, பத்து நிமிசத்துல மாத்திடுறேன். தானா சரியாயிரும், யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது."

எங்கள் தொழிலில் அதுதான் வழக்கம். 'சிறு பிழைகள் திருத்தப்பட்டன' என்று ஒரு வரி. என்ன பிழை, யாருக்கு என்ன ஆச்சு... மூச்சு விட மாட்டோம். உங்கள் போனில் வாராவாரம் வரும் அப்டேட்டுகளைப் படித்துப் பாருங்கள், எல்லாம் அந்த ஒரே வரிதான்.

பாண்டீஸ்வரி விடவில்லை.

"அது எப்பிடிண்ணே? நேத்து இருவத்தொம்பதுன்னு காட்டுச்சு. இன்னைக்கு முப்பத்தொண்ணுன்னு காட்டுனா, நடுவுல ஒரு நாள எவன் தின்னான்னு கேக்க மாட்டாகளா? மத்த ஆறு பேருக்கும் போன் போட்டுச் சொல்லுங்க. எனக்குப் பிரச்சன இல்ல, நான் கொடியப் பாத்து நேத்தே மருந்து அடிச்சுட்டேன். நம்ம சரவணன்..."

சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். பிறகு, "அய்யய்யோ, நான் அவனுக்குப் போடுறேன்" என்று இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

சரவணன், பாண்டீஸ்வரியின் சித்தி மகன். சென்னையில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவர். அதை உதறிவிட்டு அனுமந்தன்பட்டியில் ஒரு ஏக்கர் பந்தலைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். இது முதல் வெள்ளாமை. இது சொதப்பினால் மறுபடி சென்னைக்கு வேலை தேடிப் போவதாக வீட்டில் வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் இறங்கியிருக்கிறார். பாண்டீஸ்வரி வெட்டிய மறுநாள் அவர் கவாத்து. "முப்பதாம் நாள் மருந்து அடிச்சிரு. பூ அவிழ்ந்த பெறகு அடிச்சா கொட்டிப் போகும்" என்று அக்கா சொல்லியிருக்கிறார். ஊர்க் கணக்குப்படி அந்த முப்பது அன்றைக்குத்தான். என் ஆப் இருபத்தொன்பது என்று காட்டிக்கொண்டிருந்தது. ஆப்பை நம்பிய தம்பி, மருந்தடிக்கும் ஆளை மறுநாளைக்கு வரச் சொல்லியிருந்தார்.

ஒரு நாள்தானே என்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். மாடிக்குப் போய்ப் பார்த்தேன். மேகமலைப் பக்கம் கருத்துக் கிடந்தது. மருந்து காய நாலைந்து மணி நேரமாவது வெயில் வேண்டும். நாளைக்கு மழை பிடித்தால் சரவணன் மருந்தே அடிக்க முடியாது.

ஆறு பேரில் சரவணன் போக மற்ற ஐந்து பேருக்கும் போன் போட்டேன். நாலு பேர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். ஐந்தாமவர், "நான் அதப் பாக்குறதே இல்லைங்க. நீங்க சங்கடப்படக் கூடாதுன்னு அழிக்காம வச்சிருக்கேன்" என்றார். ஒரு படைப்பாளிக்கு இதைவிட நேர்மையான விமர்சனம் எங்கே கிடைக்கும்?

பிறகு பைக்கை எடுத்துக்கொண்டு அனுமந்தன்பட்டிக்கு விரட்டினேன். நான் போய் என்ன கிழிக்கப் போகிறேன் என்றுதான் தெரியவில்லை.

போனால், எனக்கு முன்னால் பந்தலடியில் ஒரு குட்டியானை வண்டி நிற்கிறது. பின்னால் ஸ்ப்ரேயரும் சுருட்டிய ஓஸ் குழாயும். சுருளிப்பட்டியிலிருந்து தன் மெஷினையும் தன் ஆள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு பாண்டீஸ்வரி வந்து இறங்கியிருந்தார். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கொடிக்குக் கொடி அண்ணாந்து பார்த்துப் போனவர், ஓர் இடத்தில் நின்று கூப்பிட்டார்.

"ஏலே சரவணா, இங்கன வா. போனப் பைக்குள்ள வையி. இந்தக் கொத்தப் பாரு. மொட்டு எப்பிடி உப்பிருக்குன்னு பாத்தியா? இது நாளைக்கு வரைக்கும் காத்திருக்குமாடா?"

"ஆப்புல இருவத்தொம்பதுன்னு..." என்று ஆரம்பித்த சரவணன் என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். நல்ல பிள்ளை.

நான் மன்னிப்புக் கேட்டேன். அதைக் கேட்க யாருக்கும் நேரமில்லை. என் கையில் ஓஸைக் கொடுத்து, கொடியில் சிக்காமல் இழுத்துப் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தேன். பத்தரைக்குள் ஒரு ஏக்கரும் முடிந்தது.

சாயங்காலம் மழை பிடித்தது. அடுத்த இரண்டு நாளும் விடவில்லை. மறுநாள் ஆள் வந்திருந்தாலும் சும்மாதான் திரும்பியிருப்பார்.

இப்போது சரவணன் பந்தலில் பூ முடிந்து கடுகளவில் பிஞ்சு இறங்கியிருக்கிறது. போட்டோ அனுப்பியிருந்தார். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். சம்பளத்துக்கு எழுதிய எந்தப் புரோகிராமும் எனக்கு இந்தச் சந்தோஷத்தைக் கொடுத்ததில்லை. அதில் என் பங்கு ஓஸ் பிடித்தது மட்டும்தான் என்பது வேறு விஷயம்.

எங்கள் தொழிலில் தப்பைக் கண்டுபிடிக்கவென்றே சம்பளம் வாங்கும் டெஸ்டர்கள் உண்டு. கெட்டிக்காரர்கள் பலரோடு வேலை பார்த்திருக்கிறேன். தப்பைக் கண்டுபிடித்து, அது யார் தலையில் விழும் என்று யோசித்து, அவர் தோட்டத்துக்கே மெஷினோடு போய் நிற்கும் ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். சைடு புராஜெக்ட் எப்படித் தொடங்குவது என்று வாரம் இரண்டு பேராவது எழுதிக் கேட்கிறீர்கள். மொழி, ஃபிரேம்வொர்க் எல்லாம் அப்புறம். முதலில் இப்படி ஓர் ஆளைத் தேடுங்கள்.

புது வெர்ஷனில் கவாத்து நாள் ஒன்று. எதைத் திருத்தினேன், ஏன் திருத்தினேன் என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டேன். கூடவே 'உதவி' என்று ஒரு பட்டனும் வைத்து என் நம்பரைப் போட்டிருந்தேன்.

நேற்று சரவணன் கூப்பிட்டார்.

"அண்ணே, எல்லாம் நல்லாருக்கு. அந்த உதவி பட்டன்ல மட்டும் ஒங்க நம்பர எடுத்துட்டு, அக்கா நம்பரப் போட்ருங்க."