சிவப்பு பல்புக்குக் கொடுத்த இரண்டு இழைகள்

கொட்டாஞ்சேனையில் பெரியப்பாவின் சலவைக்கடையான லோன்றிக்குப் பின்பக்கம், மழைக்காலத்தில் துணி காயவைக்கும் அறை ஒன்று இருந்தது. கூடத்தின் மறுகோடியில் நின்ற கேஸ் பொயிலரிலிருந்து சுடுநீர்க் குழாய்கள் அந்த அறைச் சுவர்களைச் சுற்றி ஓடும். பெரியப்பா இறந்த பிறகு, பெரியம்மாவின் சிரமத்தைக் குறைக்கச் சித்தப்பா அங்கே ஒரு தெர்மோஸ்டாட் பொருத்தினார். அறை குளிர்ந்தால் அது பொயிலரைப் பற்றவைக்கும், சூடேறினால் நிறுத்தும்.

அதற்கு மூன்று இழைக் கேபிள் போதும். சித்தப்பாவிடம் இருந்ததோ ஐந்து இழைச் சுருள். மிச்ச இரண்டை வீணாக்க மனமில்லாமல், அறைக்குள் மாட்டியிருந்த பெரியப்பாவின் படத்துக்கு முன்னால் எரியும் சிவப்பு பல்புக்குக் கொடுத்தார். அதன் சுவிட்ச் பொயிலருக்குப் பக்கத்தில் இருந்தது. படமும் பல்பும் இல்லாமல் எங்கள் குடும்பத்தில் யாரும் இறப்பதில்லை.

லோன்றியை விற்பதற்குப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. வாங்க இருந்தவர் கிருலப்பனையிலிருந்து இரண்டு தடவை வந்து பார்த்துப் போயிருந்தார்.

அன்று ஞாயிறு, வேலையில்லை. பொயிலர் பற்றாதபடி தெர்மோஸ்டாட்டைச் சித்தப்பா அடிவரை இறக்கி வைத்திருந்தார். மாலைச் செபம் முடிந்து பெரியம்மா பல்பின் சுவிட்சைப் போட்டார். பொயிலர் ‘டப்’ என்று பற்றிக்கொண்டது. சிறிது நேரத்தில் குழாய்கள் முனகின. திறந்த கதவு வழியே பார்த்தேன். சிவப்பு வெளிச்சத்தில் சலவைக்கு வந்து தொங்கிய குருமாரின் வெள்ளை அங்கிகள், கைகளை மெல்ல அசைத்தன.

“அவர் வந்திட்டார்” என்றார் பெரியம்மா. குரலில் பயமில்லை.

அடுத்த நாளும், வேலை முடிந்து தெர்மோஸ்டாட்டை இறக்கிய பிறகு, அப்படியே. கிருலப்பனைக்காரரிடம் பெரியம்மா தொலைபேசியில், “இல்லை ஐயா, குடுக்கிறதா இல்லை. அவருக்கு விருப்பமில்லை” என்றார்.

“உயிரோட இருக்கேக்க அண்ணன் பின்னேரத்தில ஒரு வேலை செய்தவரோ, அண்ணி? இப்பதான் சுறுசுறுப்பு!” என்றார் சித்தப்பா. பெரியப்பா போன பிறகு பெரியம்மா சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

எனக்கு ஒன்பது வயது. பயம் வந்தால் பட்டியல் போடுவேன். நாள், மழை, கதவு, பூனை, பல்பு, பொயிலர் என்று கொப்பியில் கட்டங்கள் கீறி, ஒன்பது நாட்கள் குறித்தேன். பெரியம்மா கோயிலுக்குப் போயிருந்த ஞாயிற்றுப் பகலில் தனியாக நின்று நானே சுவிட்சைப் போட்டேன். பற்றியது. அறைவாசலுக்குப் போனேன். அங்கிகள் அசைந்தன. ஓடிவந்து அணைத்தேன். பொயிலரும் அணைந்தது.

கொப்பியைப் பார்த்த சித்தப்பா நெற்றியில் அடித்துக்கொண்டார். ஒரே உறைக்குள் கிடந்தால் ஒரு இழையின் மின்சாரம் பக்கத்து இழையில் நிழல்போல விழுமாம். அந்த நிழலையே பொயிலர் கட்டளையாக எடுத்துக்கொள்கிறதாம். பல்புக்கு வேறு கேபிள் இழுத்தார்.

அன்று மாலை பெரியம்மா சுவிட்சைப் போட்டார். பல்பு எரிந்தது. காத்திருந்தார். அணைத்துவிட்டு மறுபடி போட்டார். மூன்றாவது தடவையும்.

“தம்பி, வேற என்னத்தையும் தொட்டனியோ?”

“வயர் மட்டும்தான் மாத்தினனான், அண்ணி.”

நான் கொப்பியை நீட்டினேன். கடைசி வரியை அப்போதுதான் எழுதியிருந்தேன்: பல்பு, ஓம், பொயிலர், இல்லை. அந்த ‘இல்லை’யின் மேல் பெரியம்மாவின் விரல் வெகுநேரம் நின்றது.

“எழுத்து வடிவா இருக்கு, பிள்ளை.”

அடுத்த கிழமையே கிருலப்பனைக்காரர் லோன்றியின் திறப்புக் கொத்தை வாங்க வந்தார். நானோ, கொப்பியை நீட்டிய அந்த மாலையிலேயே, பாராட்டுக் கிடைத்த மகிழ்ச்சியில், ரீச்சர் போடுவதுபோல அந்த வரிக்குக் கீழே ஒரு கையெழுத்துக் கேட்டிருந்தேன். பெரியம்மா பேனையை வாங்கிப் போட்டுத் தந்தார்.