கட்டிலுக்கு அடியில் ஓர் ஆமை

என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்த பிறகு அவர் வாயில் மிஞ்சியது ஒரே ஒரு வார்த்தைதான். தண்ணி. ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறந்து முதன்முதலாக அதைச் சொன்னபோது நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பேச்சு வந்துவிட்டது, மற்றதும் ஒவ்வொன்றாக வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை. பசித்தாலும் தண்ணி, ஃபேனைப் போடச் சொன்னாலும் தண்ணி, என்னைத் திட்டுவதும் அதே தண்ணிதான். ராகத்தை வைத்து நான்தான் பிரித்துக்கொள்ள வேண்டும்.

இத்தனைக்கும் வாயால் பிழைத்த மனிதர். திண்டுக்கல் வெங்காயப் பேட்டையில் ஏலம் கூறியவர். அவர் குரல் கொடுத்தால் மூட்டை இறக்குகிறவர்கள்கூட நின்று திரும்பிப் பார்ப்பார்கள். வீட்டிலும் அதே குரல்தான். குழம்பில் உப்புக் குறைந்தால் தெருவுக்கே தெரியும். "செத்த நேரம் வாயை மூடிக்கிட்டு இருங்களேன்" என்பேன். அதற்கும் ஒரு பதில் உரக்க வரும்.

பார்க்க வந்தவர்களில் ஒருவர், விவரம் தெரியாதவர், அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு வாசலில் வந்து என்னிடம் கிசுகிசுத்தார். "இந்த நெலமையிலயும் மனுஷனுக்குத் தண்ணி கேக்குதாக்கும்." ஆயுசில் சாராயத்தை மோந்துகூடப் பார்க்காத மனிதர் அவர். எனக்கு வந்த ஆத்திரத்தில், அடுப்பில் வைத்திருந்த காபியை இறக்காமலே அந்த ஆளை அனுப்பிவைத்தேன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். நல்ல பிள்ளை, என் அவசரம்தான் அவளுக்குத் தாங்காது. "அம்மா, இருக்கிற ஒரு வார்த்தையோட இன்னொண்ணு ஒட்டணும். ரெண்டு சேந்துட்டா அப்புறம் வழி பொறந்துரும். தண்ணி வேணுமா, வேணாமான்னு கேட்டுக்கிட்டே இருங்க" என்றாள். அன்றிலிருந்து டம்ளரை அவர் கைக்கு எட்டாமல் பிடித்துக்கொண்டு கேட்பதே எனக்கு வேலையாகிவிட்டது. தண்ணி வேணுமா, வேணாமா? அவர் "தண்ணி" என்பார். வேணுமா, வேணாமா? "தண்ணி." கடைசியில் பாவமாக இருக்கும், கொடுத்துவிடுவேன். அந்த இரண்டாவது வார்த்தைக்காக நான் வேண்டாத சாமி இல்லை.

நான் வீட்டிலேயே தையல் மிஷின் வைத்திருக்கிறேன். சேலைக்கு ஓரம் அடிப்பது, ஃபால்ஸ் வைப்பது. சின்னாளப்பட்டிச் சேலைகள் மூட்டையாக வரும். முன்னறையில் ஒரு பக்கம் மிஷின், மறுபக்கம் அவர் கட்டில். நான் தைப்பதை அவர் பார்த்துக்கொண்டிருப்பார், அவர் பார்ப்பதை நான் பார்க்காத மாதிரி தைத்துக்கொண்டிருப்பேன். பொழுது அப்படித்தான் போனது.

என் தம்பிக்கு ஆத்தூர்ப் பக்கம் முருங்கைத் தோப்பு இருக்கிறது. ஒரு நாள் மத்தியானம் உரச்சாக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். முருங்கைக்காயாக்கும் என்று நான் வாங்கப் போனேன். உள்ளே ஏதோ அசைந்தது.

"ஏலே, என்னடா இது?"

"ஆமைக்கா. வேலிய ஒதுக்கையில முள்ளுக்குள்ள கெடந்துச்சு. மச்சானுக்குப் பொழுது போகட்டுமேன்னு தூக்கியாந்தேன்."

தரையில் கொட்டினான். தேங்காய் மூடியைக் கவிழ்த்த அளவு. கறுத்த ஓடு, மேடு மேடாக. ஒவ்வொரு மேட்டின் உச்சியிலிருந்தும் மஞ்சள் கோடுகள் சுற்றிலும் விரிந்திருந்தன. ரொம்ப நேரம் கல்லாகக் கிடந்தது. பிறகு தலை வந்தது, கால் வந்தது, மெதுவாக நடந்து கட்டிலுக்கு அடியில் போய் நுழைந்துகொண்டது. என் வீட்டுக்காரர் கட்டிலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, தலையைத் தொங்கப்போட்டு எட்டிப் பார்த்தார். அவர் சிரித்தார். கோணிய வாயோடு சிரித்தால் பார்க்க ஒரு மாதிரி இருக்கும், ஆனாலும் அது சிரிப்புதான். ஆமையை வைத்துக்கொள்வது என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன்.

எதிர்வீட்டு அக்கா சும்மா இருப்பாரா. "ஆமைய வீட்டுக்குள்ள விடலாமாடி? இருக்கிற கஷ்டம் போதாதா?" என்று வந்து நின்றார்.

"உங்க வீட்டுலயும்தான் வாசல்ல ஆமை வச்சிருக்கீங்க."

"அது கண்ணாடி ஆமைடி, வாஸ்துவுக்கு வச்சது. தட்டுல தண்ணி ஊத்தி வச்சிருக்கேன்ல. தண்ணிக்குள்ள இருந்தா தோஷமில்ல."

அது எனக்கு வசதியாக இருந்தது. ஊரில் எந்தக் கடையில் பார்த்தாலும் கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒரு பித்தளை ஆமையோ கண்ணாடி ஆமையோ தண்ணீர்த் தட்டில்தான் உட்கார்ந்திருக்கிறது. கோயில் தெப்பக்குளத்தில் கிடப்பதும் ஆமைதான். ஆமை என்றால் தண்ணீர், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? துணி ஊறவைக்கும் பெரிய பிளாஸ்டிக் தொட்டியை எடுத்து வந்து, பாதிக்கு மேல் தண்ணீர் நிரப்பி, அவருக்குத் தெரிகிற மாதிரி கட்டில் பக்கத்தில் வைத்து, ஆமையை உள்ளே விட்டேன். அது நான்கு காலையும் அடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது. குஷியாக நீந்துகிறது என்று நினைத்துக்கொண்டு மிஷினில் போய் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் "தண்ணி" என்றார். தொட்டியைப் பார்த்துத்தான் சொன்னார். ஆமைக்குத் தண்ணீர் பற்றவில்லை என்கிறார் போல என்று இன்னொரு குடம் கொண்டு வந்து ஊற்றினேன். "தண்ணி, தண்ணி" என்றார். டம்ளரைக் கொண்டுபோய் வாயில் வைத்தேன், தட்டிவிட்டார். சேலை நனைந்தது. முடிக்க வேண்டிய வேலை குவிந்து கிடக்கிறது, எனக்குக் கோபம் வராதா. "உங்களுக்கு என்னதான் வேணும்? ஊத்தினாலும் குத்தம், குடுத்தாலும் குத்தமா?" என்று கத்தினேன். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. நல்ல கையால் கட்டில் சட்டத்தை அடித்து அடித்து, ஏலத்தில் கூவுகிற அந்தப் பழைய குரலில், "தண்ணி" என்று அலறினார்.

அப்போதுதான் திரும்பித் தொட்டியைப் பார்த்தேன். ஆமை அடியில் கிடந்தது. கழுத்து முழுக்க வெளியே நீண்டு, வாய் திறந்திருந்தது.

எல்லாவற்றுக்கும் அந்த ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்த மனிதர், அன்றைக்கு மட்டும் தண்ணீரைத் தண்ணீர் என்றே சொல்லியிருக்கிறார். எனக்குத்தான் புரியவில்லை.

ஆட்டோ பிடித்து மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். சேலையில் சுற்றிய ஆமையின் மூக்கில் முட்டை முட்டையாக நுரை வந்துகொண்டிருந்தது. டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். தலைகீழாகப் பிடித்து, காலை இழுத்து இழுத்து விட்டு, தண்ணீரை வடித்தார். ஊசி போட்டார். பிறகுதான் என்னைப் பார்த்து, "எதுல விட்டு வச்சிருந்தீங்க?" என்று கேட்டார். சொன்னேன்.

"கொளத்துல கெடக்குறதுக்கும் ஆமைன்னு பேரு, கடல்ல கெடக்குறதுக்கும் ஆமைன்னு பேரு. எல்லாத்துக்கும் ஒரே வார்த்தைய வச்சுட்டோம்மா. இது தரையில வாழுறது, நட்சத்திர ஆமை. காலைப் பாருங்க, யானைக்கால் மாதிரி கட்டையா இருக்கா? நீந்துறதுக்கு வெரலுக்கு நடுவுல தோலே இல்ல. தண்ணியில போட்டா முங்கிரும்."

ஒரே வார்த்தையில் எல்லாவற்றையும் ஓட்டினால் என்ன ஆகும் என்று அந்தப் பெண் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அடி ஓடு தட்டையாக இருந்ததால் பொட்டை ஆமை என்றார். வெயில் படும் இடத்தில் விட வேண்டும், ஈரத் தரை ஆகாது, சோறு, பால், பிஸ்கட் எதுவும் கொடுக்கக் கூடாது, புல்லும் கீரையும் செம்பருத்தியும் போதும் என்றார். ஓடு கெட்டிப்பட நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்கிற கணவாய் ஓட்டை வாங்கிப் பொடித்துத் தீனியில் தூவச் சொன்னார். கடைசியில் தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னார். இதை வீட்டில் வளர்ப்பது சட்டப்படி குற்றம். ஊசி முடிந்து உடம்பு தேறியதும் வனத்துறையில் ஒப்படைத்துவிட வேண்டும். அவர்களிடம் தானே பேசுவதாகவும் சொன்னார்.

அதுவரைக்குமாவது இருக்கட்டும் என்று தூக்கி வந்தேன். கட்டிலுக்கு அடியில் சாக்கு விரித்தேன். காலையில் ஜன்னல் வழியாக வெயில் தரையில் விழும், அதுவே தேடிப் போய் அதில் உட்காரும். தீனி கொடுப்பது அவர் வேலை. செம்பருத்தி இதழ் ஒன்றை இடது கையில் பிடித்துக்கொண்டு கட்டில் விளிம்பில் காத்திருப்பார். அது வருவதற்குள் நான் ஒரு சேலைக்கு ஓரம் அடித்து முடித்துவிடுவேன். அவருக்கு அவசரமே கிடையாது. இதழைக் கடித்து இழுக்கும்போது "தண்ணி, தண்ணி" என்று அதனிடம் மெதுவாகச் சொல்வார். அந்த ராகத்தை அதுவரை நான் கேட்டதில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னிடம் அப்படிப் பேசியதில்லை என்று எனக்குப் பொறாமைகூட வந்தது. வந்ததை வந்தது என்றுதானே சொல்ல வேண்டும்.

பயிற்சி கொடுக்கும் பெண் வந்து பார்த்துவிட்டு, "உதட்டை அசைக்கிறாரும்மா, என்னமோ சொல்ல வராரு" என்றாள். நானும் கவனித்திருந்தேன். தண்ணி என்று சொல்லி முடித்த பிறகும் வாய் மூடுவதில்லை. மேல்பல் கீழுதட்டில் வந்து நிற்கும், சத்தம்தான் வராது. வனத்துறைக்காரர்கள் மலையில் தீ அணைக்கப் போயிருப்பதாகவும் வர நாளாகும் என்றும் டாக்டர் போன் செய்தபோது எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. தீ இன்னும் கொஞ்ச நாள் எரிந்தால் நல்லது என்று பாவி நான் நினைத்தேன்.

"செத்துப்போச்சுன்னு சொல்லிரு அக்கா. யாரு வந்து தோண்டிப் பாக்கப் போறா" என்றான் தம்பி. நானும் அப்படித்தான் சொல்வதாக இருந்தேன். ஜீப் வந்து நின்றதும் சொல்லவும் வாயெடுத்தேன். இரண்டு பேர் வந்திருந்தார்கள். வயதில் மூத்தவர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோதே, கட்டிலுக்கு அடியிலிருந்து அது நிதானமாக நடந்து வந்து, ஜன்னல் வெயிலில் உட்கார்ந்தது.

நான் அழுதேன். என் வீட்டுக்காரர் நிலைமையைச் சொன்னேன். மூத்தவர் பொறுமையாகக் கேட்டார். "எங்க கையில ஒண்ணுமில்லம்மா. சிறுமலை அடிவாரத்துல கொண்டுபோய் விடப்போறோம். அதுக்கு அதுதான நல்லது" என்றார். அவர் சொன்னது சரிதான்.

இளையவர் ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கொண்டு வந்தார். உள்ளே கோணிச்சாக்கு. வெளியே வெயில் கொளுத்துகிறதே என்று, தன் பாட்டிலைத் திறந்து சாக்கின்மேல் தண்ணீரைச் சாய்த்தார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார்.

கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"தண்ணி..." பல் உதட்டில் வந்து நின்றது. முகமெல்லாம் கோணி, கழுத்து நரம்பு புடைத்தது. "தண்ணி வே... வேணாம்."

இளையவருக்கு என்ன தெரியும், பாவம். ஒரு பெரியவர் ஏதோ சொல்கிறார், அவ்வளவுதான். "சரிங்கய்யா, வேணாம்" என்று ஈரச்சாக்கை உருவிப் போட்டுவிட்டு, காகிதத்தைக் கிழித்து மெத்தென்று பரப்பி, ஆமையை அதில் வைத்தார். அவரிடம் கூடையைக் காட்டினார். என் வீட்டுக்காரர் இடது கையை உள்ளே விட்டு ஓட்டைத் தடவினார். அது தலையை இழுத்துக்கொண்டது. கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

இரண்டு வார்த்தை சேர்ந்துவிட்டது. ஓடிப்போய் ஜீப்பை மறித்து, இன்னும் ஒரு மாசம் விட்டு வையுங்கள் என்று காலில் விழுந்திருக்கலாம். பயிற்சி கொடுக்கும் பெண்ணுக்குப் போன் போட்டு வரச் சொல்லியிருக்கலாம். நான் ஈரச்சாக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன், ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது.

சாயங்காலம் டம்ளரை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "தண்ணி வேணுமா, வேணாமா?" என்றேன். அவர் ஜன்னலுக்குக் கீழே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வேணுமா, வேணாமா? ஒரு தடவ சொல்லுங்க. காலையில சொன்னீங்கள்ல, எனக்கும் ஒரு தடவ சொல்லுங்க" என்றேன். என்னைத் திரும்பிப் பார்த்தார். எதற்காகக் கேட்கிறேன் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது. வாயைத் திறக்கவில்லை. தண்ணி என்றுகூடச் சொல்லாமல் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்றைக்குப் பிறகு இன்றுவரை அந்த ஒரு வார்த்தையும் அவர் வாயிலிருந்து வரவில்லை. டம்ளரை நேரத்துக்கு நேரம் நானாகவே அவர் வாயில் வைக்கிறேன், குடிக்கிறார்.