உள்பையில் பதினாலாம் நம்பர்

என் அக்காவுக்குத் தொழிற்சாலையில் பெயர் பதினாலு. பிறந்தபோது வைத்த பெயர் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆள் இல்லை. எனக்கு அவள் அக்கா, அவள் கணவரான மாமாவுக்கு ‘இந்தாம்மா’, மற்ற எல்லாருக்கும் பதினாலு. பத்தொன்பது வருடம் அப்படித்தான்.

மழைக்கோட்டு தைக்கும் தொழிற்சாலை. அங்கே அவள் செக்கர். தைத்து முடித்த கோட்டு அவள் மேசைக்கு வரும். முதலில் காலர், பிறகு தோள், கை, பை, ஜிப்பை இரண்டு தரம் மேலும் கீழும் இழுத்துப் பார்ப்பது, அடிமடிப்பு. அப்புறம் உள்பக்கத்தை வெளியே திருப்பி மறுபடியும் அதே வரிசை. எல்லாம் ஒன்றரை நிமிடத்துக்குள். குறை கண்ட இடத்தில் நகத்தளவு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். பிரித்துத் தைத்தால் சரியாகும் என்றால் அது ‘ஆல்டர்’, தைத்தவரிடமே திரும்பிப் போகும். சரியாகாது என்றால் ‘ரிஜெக்ட்’. நல்ல கோட்டு என்றால் உள்பையில் ஒரு சின்னச் சீட்டு வைப்பாள். அதில் லைன், தேதி, 14 என்ற நம்பர், அவ்வளவுதான். எந்த நாட்டுக் கடையிலிருந்து புகார் வந்தாலும் எந்த மேசையில் கோட்டை விட்டார்கள் என்று கண்டுபிடிக்கத்தான் அந்தச் சீட்டே. இது எனக்கு நன்றாகத் தெரியும். கல்லூரி விடுமுறையில் இரண்டு மாதம் அந்தச் சீட்டுகளில் தேதி முத்திரை குத்தியவளே நான்தான்.

ஸ்டிக்கர் சுருள் ஒன்று எப்போதும் அவள் கைப்பையில் கிடக்கும். பொத்தான் ஆடும் சட்டை, விரிசல் விட்ட வாளி, நான் சரியாகக் கழுவாத டம்ளர் என்று வீட்டில் எல்லாவற்றிலும் அம்பு. மாமா பஸ் டிரைவர். “கல்யாணப் பேச்சு வந்தப்பவே இவ என்னை ரிஜெக்ட்டுன்னு தள்ளிட்டா. நான்தான் ஆல்டராகித் திரும்பி வந்தேன்” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அக்கா சிரிக்காமல், “இன்னும் பாஸ் ஆகல” என்பாள்.

அவள் படிப்பு பத்தாவதோடு நின்றது. அவளுக்கும் எனக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். பல்கலைக்கழகத்தில் முதுகலைப் புவியியலில் எனக்கு இடம் கிடைத்தபோது என்னைவிட அவள்தான் அதிகம் அலட்டிக்கொண்டாள். ஆனால் அது என்ன படிப்பு என்பது மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை. ஒருநாள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

“மேப்பு வரையறதுக்கா ரெண்டு வருஷம்?”

“மலை, ஆறு மேப்பு இல்லக்கா. ஒரு பொருள் எந்தெந்த நாட்டுல கைமாறிக் கடைக்குப் போகுது, நடுவுல யார் சொல்றது நடக்குது, யாருக்கு என்ன மிஞ்சுதுன்னு படிக்கிறோம். உலக உற்பத்தி வலைப்பின்னல்னு பேரு.”

“இதை எங்க ஸ்டோர்காரர்கிட்ட கேட்டா அரை நாள்ல சொல்லிடுவாரேடி. துணி ஒரு நாடு, ஜிப்பு ஒரு நாடு, திட்டு வர்றது இன்னொரு நாடு.”

அந்த வாரம் பேராசிரியர் ஒரு மணி நேரம் விளக்கியதும் கிட்டத்தட்ட இதுதான்.

இரண்டாம் பருவத்தில் ஆளுக்கொரு பொருளை எடுத்து, அது வந்த வழியைத் தேடிக் கட்டுரை எழுதச் சொன்னார். மற்றவர்கள் செல்போன், சாக்லேட் என்று அலைந்தார்கள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்று நான் மழைக்கோட்டை எடுத்தேன். ஏற்றுமதியில் மிஞ்சிய ஒரு கோட்டை மாமாவுக்காக அக்கா வாங்கி வைத்திருந்தாள். அவள் மேசையில் பாஸ் ஆனதுதான், சீட்டுகூட அப்படியே இருந்தது. அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்து எனக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். கைப்பகுதி வந்ததும் தையலை விரலால் தடவினாள்.

“இந்தக் கை எங்க ஃபேக்டரியில தைச்சது இல்லடி.”

“எப்படிச் சொல்ற?”

“தையல் கொஞ்சம் நெருக்கம். ஆர்டர் அவசரம்னா கையை மட்டும் கால்வாய்க்கு அந்தப் பக்கம் வீடுகளுக்குக் குடுத்துடுவாங்க. வெளிய குடுக்கக் கூடாதுன்னுதான் வாங்கற கம்பெனி சட்டம். ஆனா கெடு நாளைக் குறைக்கிறதும் அவங்கதானே? பின்ன இவங்க என்ன பண்ணுவாங்க? வீட்டுல தைக்கிறவங்களும் நல்லாத்தான் தைக்கிறாங்க.”

என் கட்டுரைக்கு உயிர் அங்கேதான் வந்தது. கவனமாகத்தான் எழுதினேன். ஊரை மறைத்தேன், தொழிற்சாலைப் பெயரை மறைத்தேன், அக்காவை ‘தகவல் தந்தவர் அ’ ஆக்கினேன். பிறகு படம் 3 என்று அந்தக் கோட்டின் உள்பையைப் போட்டேன். கோட்டைப் பிடித்துக்கொண்டது அக்கா. “நம்பர் தெரியுதா பாரு” என்று சீட்டை வெளியே இழுத்துக் காட்டினாள். அவளுடைய கட்டைவிரலும் படத்தில் விழுந்திருந்தது. பெயர்தானே வரக்கூடாது, நம்பரில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். முத்திரை குத்திய கைக்கே உறைக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நான் அதையும் உருப்படியாகச் செய்யாமல் காம்பை வெளியே நீட்டி வைத்திருந்தேன்.

வகுப்பில் என் கட்டுரைதான் முதல். துறையின் இணையதளத்தில் போட்டார்கள். ஐந்து வாரம் கழித்து ஒரு மதியம், வேலை நேரத்தில், அக்கா வீட்டுக்கு வந்தாள். கழுத்தில் டேப் அப்படியே தொங்கியது.

“மேனேஜர் கூப்பிட்டு ஒரு பேப்பரைக் காட்டினார். வாங்கற கம்பெனியில இருந்து வந்ததாம். நீ எடுத்த போட்டோ. ‘இது உன் சீட்டா’ன்னார். ஆமான்னேன்.”

“ஏன்க்கா ஆமான்ன?”

“என் நம்பரை என்னுது இல்லன்னு எப்படிடி சொல்றது?”

வீட்டில் இரு, முடிவு பண்ணிச் சொல்கிறோம் என்று அனுப்பியிருந்தார்கள். அந்த மேசை அவளுக்குத் திரும்பக் கிடைக்குமா என்பதைத் தவிர அதன்பிறகு எங்கள் வீட்டில் வேறு கேள்வி இல்லை. வழக்கமான நேரத்துக்கு எழுந்து, குளித்து, செருப்பு வரை போட்டுக்கொண்டு அக்கா நாற்காலியில் உட்காருவாள். பிறகு செருப்பைக் கழற்றுவாள். மாமா பகடி பேசுவதை நிறுத்திவிட்டார். அவள் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. எனக்கு அழுகை வரவில்லை, பயம்கூட வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தேன். என்னுடையதுதான், கிள்ளினால் தெரியவில்லை.

பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். கெட்ட மனிதர் இல்லை, நான் எழுந்திருப்பதற்குள் படத்தை நீக்கச் சொல்லிவிட்டார். வாசல் வரை வந்தவர், “ஒரு மாணவி எழுதினதைப் படிச்சிட்டு ஒரு கம்பெனி நடவடிக்கை எடுக்குதுன்னா அது சாதாரணம் இல்லம்மா” என்றார். பாராட்டுகிறாராம். அவர் சட்டையில் ஓர் அம்பு ஒட்டலாம் போலிருந்தது.

தொழிற்சாலைக்கும் போனேன். மேனேஜர் உட்காரச் சொன்னார்.

“தப்பு என்னோடது சார். அக்கா எனக்குப் பாடம் சொல்ற மாதிரிதான் சொன்னா.”

“எனக்குத் தெரியாதாம்மா? பத்தொன்பது வருஷம் என் கண்ணு முன்னாடி வேலை செஞ்சவங்க. ஆனா ஆர்டர் கைவிட்டுப் போகாம இருக்கணும்னா நான் யாரையாவது காட்டணும். அவங்க ஒரு ஆள் கேக்கறாங்க.”

வலைப்பின்னலில் அதிகாரம் எங்கே இருக்கிறது என்று பன்னிரண்டு பக்கம் எழுதியிருந்தேன். அவர் ஒரு மூச்சில் முடித்துவிட்டார்.

பதினேழாம் நாள், அடுத்த மேசைப் பெண் போன் செய்தாள். பதினாலாம் நம்பரைப் புதிதாக வந்தவளுக்குக் கொடுத்துவிட்டார்களாம். கால்வாய்க்கு அந்தப் பக்கம் கை தைத்தவர்களுக்கும் வேலை நின்றுவிட்டதாம். ஆர்டர் நிற்கவில்லை. அக்கா ‘சரிம்மா’ என்று போனை வைத்தாள். “புதுசா வந்த பொண்ணு ஜிப்பை ஒரு தரம்தான் இழுத்துப் பாக்குதாம்” என்று மட்டும் என்னிடம் சொன்னாள்.

அதே கட்டுரையைப் பெருக்கித்தான் அடுத்த வருடம் ஆய்வேடு எழுதினேன். வேறு தலைப்பு எடுக்கலாம் என்று தோன்றக்கூட இல்லை. கை எழுதியது, நான் பக்கத்தில் இருந்தேன். படம் 3 இருந்த இடத்தில் ஒரு வெற்றுக் கட்டம் போட்டு, கீழே ‘நீக்கப்பட்டது’ என்று எழுதினேன். செய்ய முடிந்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்று நினைத்தேன்.

பைண்டிங் ஆகி வந்த புத்தகத்தை அக்கா கேட்டு வாங்கினாள். மேசையில் வைத்து, முதலில் முதுகுத் தையல், பிறகு ஓரம், பிறகு அட்டையை இரண்டு தரம் திறந்து மூடி, பக்கம் பக்கமாகத் திருப்பினாள். உலக வரைபடம் முழுக்க நான் போட்ட அம்புகளை நிதானமாகப் பார்த்தாள். வெற்றுக் கட்டம் வந்ததும் கை நின்றது. கைப்பையைத் திறந்து, சுருளில் மிச்சமிருந்த ஸ்டிக்கரில் ஒன்றைக் கிழித்து, கட்டத்தின் நடுவில் ஒட்டினாள்.

“இதை ஏன்டி எடுத்த?”

“உனக்காகத்தான்க்கா.”

“இவ்வளவு பெரிய புக்குல என் விரல் இருந்தது அது ஒண்ணுலதான்” என்றாள்.

ஆல்டரா, ரிஜெக்டா என்று நான் கேட்கவில்லை. அவள் புத்தகத்தை மூடி என் பக்கம் தள்ளினாள்.