மேலங்கியை யார் துவைப்பது?

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்த அவளுக்கு டிவி அக்கா என்று பட்டம் கட்டியது டயாலிசிஸ் பிரிவு நர்ஸ். மிஷின் இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்திப் பழகியதால், மெல்லப் பேசுவது என்றால் என்னவென்றே அக்காவுக்குத் தெரியாது. தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், வாரத்துக்கு மூன்று முறை அவன் அந்தப் பிரிவுக்கு வந்து படுக்கத் தொடங்கியபோது, அந்தக் குரலும் கூடவே உள்ளே நுழைந்துவிட்டது.

தம்பி வெல்டர். நெருப்புப் பொறிக்கு அசராதவன், தன் ரத்தம் குழாய் வழியே வெளியே போவதைப் பார்த்ததும் வெலவெலத்துப் போனான். ஊசியைப் பிடுங்கிவிட்டு எழப் பார்த்தான். அவன் கண்ணை எப்படியாவது திருப்ப வேண்டுமே என்று அக்கா போனை முகத்துக்கு நேராக நீட்டி, கைக்கு அகப்பட்ட ஒரு சூப்பர் ஹீரோ தொடரைப் போட்டாள். அதுவரை அவள் அந்த வகையறாவைப் பார்த்ததே இல்லை. ஹீரோ ஒரு கட்டடத்தையே துளைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

"இவ்வளவு புழுதியில புரண்டுட்டு வர்றான், மேலங்கியில ஒரு கறை இருக்கா பாரு. யாருடா துவைக்கிறாங்க இவனுக்கு?"

தம்பி பக்கென்று சிரித்துவிட்டான். ஊசி கையிலேயே இருந்தது.

அதற்குப் பிறகு சாப்பாட்டு இடைவேளை, மேற்பார்வையாளரிடம் கெஞ்சி வாங்கிய நேரம் எல்லாம் தம்பியின் கட்டிலருகே ஸ்டூலில்தான் போயிற்று. பார்க்கப் பார்க்கத் திட்டினாள். திட்டத் திட்ட ருசி கண்டுவிட்டது. வேற்றுக்கிரகத்துக்காரன் வந்து இறங்கிய அன்றே நம் பாஷையைப் பொளந்து கட்டுகிறானே, மாடி வீட்டுக்குக் குடிவந்தவளிடம் தான் முகம் கொடுத்துப் பேசவே ஒரு வருஷம் பிடித்ததே என்பாள். டிராகன் இத்தனை மாடுகளை விழுங்குகிறதே, அது போடுவதை அள்ளுகிற ஆளை ஒரு தடவையாவது காட்டினார்களா என்பாள். காலத்தில் பின்னோக்கிப் போகிறவன் பழைய காதலியைத் தேடி ஓடினால், போன ஜோரில் சொத்தைப் பல்லையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வரக்கூடாதா என்று அங்கலாய்ப்பாள். மற்றக் கட்டில்காரர்களும் அவள் பக்கம் தலையைத் திருப்பத் தொடங்கினார்கள்.

சலவைக்கூடத்துக்குத் திரும்பினால் வாயைத் திறக்கமாட்டாள். தம்பி நாளுக்கு நாள் கரைந்துகொண்டிருந்தான். அப்பா அம்மா போனபின் அவளுக்கென்று இருந்தது அவன் ஒருவன்தான். மாற்றுச் சிறுநீரகம் வைத்தால்தான் ஆள் தேறுவான் என்று டாக்டர் சொன்ன அன்றே அவள் தன்னுடையதைத் தருவதாகச் சொல்லிவிட்டாள். ரத்தம் பொருந்தியது. பரிசோதனைக்குப் போகும்போது புதுப்புடவை கட்டிக்கொண்டு போனாள்.

ஸ்கேன் பார்த்த டாக்டர் அவளை உட்காரச் சொன்னார். பிறவியிலேயே அவளுக்கு ஒரு சிறுநீரகம்தான் என்றார். சிலருக்கு அப்படி உண்டு, கடைசிவரை தெரியாமலே வாழ்ந்துவிடுவார்கள் என்று விளக்கினார்.

அக்கா நாற்காலியை அவர் மேஜைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"அந்த ஒண்ணை எடுத்துக்குங்க."

டாக்டர் அது முடியாது என்றார். மறுநாளும் போய் நின்றாள். அவன் சின்னவன், வாழவேண்டியவன், தனக்குப் புருஷனா பிள்ளையா என்று மன்றாடினாள். டாக்டர் எழுந்து வந்து கதவைத் திறந்துவிட்டார். அவள் சலவைக்கூடத்துக்குப் போய், ஈரப் போர்வைக் குவியலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓலமிட்டாள். மிஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

நர்ஸ் மூலமாகத் தம்பி காதுக்கு விஷயம் போய்விட்டது. அடுத்த முறை அக்கா போனை எடுத்தபோது அதைத் தட்டிவிட்டான்.

"இதே மாதிரி ஒருத்தன் உயிரைக் கொடுத்து இன்னொருத்தனைக் காப்பாத்துறதைக் காட்டுனா நீ என்னக்கா சொல்லுவ?"

அவள் போனை எடுத்து முந்தானையில் துடைத்தாள்.

"மிச்சம் இருக்கிறவன் எப்படிடா காலம் தள்ளுவான்னு எழுதினவனைக் கிழிச்சிருப்ப. நான் அதை வயித்துக்குள்ள வச்சுக்கிட்டு எப்படி சோறு திங்கிறது?"

அன்று எந்தத் தொடரும் ஓடவில்லை. இயந்திரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

காத்திருப்போர் பட்டியலில் அவன் பெயரைச் சேர்த்தார்கள். மழைக்காலம் வந்து போயிற்று; அழைப்பு வரவில்லை. அதற்குள் இதயமும் தளர்ந்துவிட்டது, இனிச் சிறுநீரகம் கிடைத்தாலும் உடம்பு அறுவை சிகிச்சையைத் தாங்காது என்று டாக்டர் அக்காவைத் தனியாக அழைத்துச் சொன்னார். முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு அவள் தம்பியிடம் வந்தாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். போனை வாங்கி, புதிதாக ஒரு தொடரைத் தேடி எடுத்துக் கொடுத்தான்.

"இது ஏழு சீசன்டா," என்றாள். குரல் முதல்முறையாகத் தணிந்திருந்தது.

"இருக்கட்டும். போடு."

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு கையால் அவன் குளிர்ந்த பாதத்தைப் போர்வைக்குள் தள்ளிவிட்டு, பனிக்காட்டில் மார்பைத் திறந்துபோட்டுக்கொண்டு நிற்கும் அந்த ராஜாவுக்குச் சளி பிடிக்காதா என்று திட்டத் தொடங்கினாள்.