சிரித்துக்கொண்டே கேட்ட 'ரிமெம்பர்'

மகளின் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டுக்குக் கீழே ஒரு சின்னக் கட்டம்: 'ரிமெம்பர் மீ'. "டிக் பண்ணட்டுமாம்மா?" என்றாள். வேண்டாமென்றேன். அந்தச் சொல்லை நான் நம்புவதில்லை.

இலங்கை மலையகத்தில், திம்புள்ளப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில், வெள்ளைக்காரத் தொரை பங்களாவில் அப்பாதான் சமையல். விறகுப் புகையும் ஈரக் கம்பளியும் மணக்கும் லயத்துக் காம்பராவில், தொழிலாளர் வரிசை வீட்டின் எங்கள் ஒற்றை அறையில், உட்கார்ந்து சொல்வார்: "தொரை வெரல ஆட்டி ரிமெம்பர்னா மெரட்டல். சன்னலப் பாத்துச் சொன்னா ஊரு நெனப்பு. பொஞ்சாதிக்கு ரிமெம்பர் பண்ணுன்னா, விசாரிச்சதாச் சொல்லணும். சொல்லக் கேக்காத, மொகத்தப் பாரு."

இலங்கைக் குடியுரிமை கேட்டு அப்பா போட்ட மனுவின் விசாரணைக்கு நானும் கூடப் போனேன். அதிகாரி பேனாவை ஆட்டிக்கொண்டே சிரித்தார். "ஒங்க அப்பா எங்க பொறந்தது? ரிமெம்பர்?"

அப்பா பேனாவையே பார்த்தார். மிரட்டல்தான், இந்தியாவுக்குக் கப்பலேற்றத்தான் கேட்கிறார் என்று அவருக்குப் பட்டுவிட்டது.

"ஞாபகம் இல்லீங்க."

தாத்தா பிறந்தது எங்கள் மேட்டு லயத்தில். இந்த நாட்டுக்காரர் என்று காட்ட எங்களுக்கிருந்த ஒரே பிடி அதுதான். மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

அந்தத் தீபாவளிக்கு, தாத்தாவைப் புதைத்த இடத்தில் அப்பா படையல் வைத்தார். யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்துவிட்டு, குனிந்து மெதுவாகச் சொன்னார்: "அய்யா, நீங்க மேட்டு லயத்துல பொறந்தீங்க. நான் மறக்கலீங்க."

"யாரு கேக்குறா, எதுக்குக் கேக்குறா?" என்றேன் மகளிடம், அந்தக் கட்டத்தைக் காட்டி.

"சும்மா கம்ப்யூட்டர்தாம்மா, ஒண்ணும் பண்ணாது."

"ஒன் தாத்தாகிட்ட அந்த அதிகாரியும் சிரிச்சுக்கிட்டுத்தான் கேட்டாரு."