வரிசை பார்க்காத பூட்டு

என் மகள் மூன்றாவது முறையாக வீட்டுச் சாவியைத் தொலைத்தபோது, கூடவே பள்ளி டைரியையும் தொலைத்துவிட்டு வந்தாள். முதல் இரண்டு தடவையும் சாவி மட்டும்தான் போனது. தெருவுக்கே கேட்கிற மாதிரி திட்டினேன். இந்தத் தடவை திட்டக்கூட வாய் வரவில்லை. டைரியின் முதல் பக்கத்தில், என் கையெழுத்தில், முத்து முத்தாக எங்கள் முகவரி இருந்தது. தெரு, மாடி, வீட்டு எண், எல்லாம். அந்தச் சாவி எந்தக் கதவுக்கு என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

சென்னைப் புறநகர் அயனம்பாக்கத்தில் ஏரியை ஒட்டிய ஒரு சின்னக் கட்டடத்தில் இரண்டாவது மாடி எங்களுடையது. வாட்ச்மேன் கிடையாது. எதிர் வீட்டில் இருப்பவர்கள் கணவன் மனைவி இருவருமே ஐ.டி., இரவுதான் திரும்புவார்கள். என் கணவருக்கு ஓசூரில் வேலை. சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறிவிடுவார். பத்து வயது மகளைப் பள்ளி வேன் நாலு மணிக்குத் தெருமுனையில் இறக்கிவிடும். நான் அம்பத்தூரிலிருந்து வீடு வந்து சேர ஆறரை ஆகும். நடுவில் இருக்கும் இரண்டரை மணி நேரம்தான் என் ஆயுளைத் தின்றுகொண்டிருந்தது.

தொழிற்பேட்டையில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் தரப் பரிசோதகராக இருக்கிறேன். செய்து முடித்த பொருளைக் கையில் வாங்கி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, எங்கே கீறல், எங்கே விரிசல் என்று தேடுவது என் வேலை. இருபது வருஷம் இதையே செய்தால் புத்தியும் அப்படியே ஆகிவிடும். ஒரு நல்ல நாளைப் பார்த்தால்கூட இதில் எந்த இடம் உடையும் என்றுதான் எனக்குத் தோன்றும். போதாக்குறைக்கு எங்கள் நகர் வாட்ஸ்அப் குழு. தொப்பி போட்ட ஒருவன் வீடு வீடாகக் கைப்பிடியைத் திருகிப் பார்க்கிற சிசிடிவி படம் ஒன்றை யாரோ அதில் போட்டிருந்தார்கள். எந்த ஊர், எந்த வருஷம் என்று ஒரு விவரமும் இல்லை. ஆனாலும் அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டால் எனக்கு அந்தத் தொப்பிதான் தெரிந்தது.

இரண்டு நாள் லீவு போட்டேன். சாவியே இல்லாத பூட்டு வேண்டும் என்று முடிவு செய்தேன். விரல் வைக்கிற பூட்டு, போனில் திறக்கிற பூட்டு எல்லாம் பார்த்தேன். பேட்டரி தீர்ந்து பிள்ளை வெளியே நின்றால் என்ன செய்வது? கடைசியில் கரண்டும் வேண்டாம் பேட்டரியும் வேண்டாம் என்கிற பொத்தான் பூட்டு ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். ஒன்று முதல் பூஜ்யம் வரை பத்துப் பொத்தான்கள். நாலு எண்ணை அழுத்திக் கைப்பிடியைத் திருப்பினால் திறக்கும். உள்ளேயிருந்து வெளியே வர எண் தேவையில்லை, கைப்பிடியைத் திருப்பினால் போதும். எண்ணை யாரும் வேனில் தொலைக்க முடியாது அல்லவா.

அதைக் கதவில் மாட்ட பூந்தமல்லியிலிருந்து ஒரு பாய் வந்தார். எங்கள் கட்டடத்தில் பாதிக் கதவுகள் அவர் வைத்தவைதான். பெட்டியைப் பிரித்துப் பூட்டைக் கையில் எடுத்தவர் சிரித்துவிட்டார்.

"இன்னாமா இது, ஊட்டுக் கதவுக்குக் கால்குலேட்டரு வாங்கிகினு வந்துகீற?"

"கால்குலேட்டரோ என்னமோ, சாவி இல்லாமத் திறக்கணும் பாய். அவ்வளவுதான்."

கதவைத் தட்டிப் பார்த்தார். "நல்ல வேங்க மரம். ஓட்ட போட்டா போட்டதுதான். திரும்பி மூட முடியாது. யோசிச்சிக்கினியா?"

யோசித்து யோசித்துத்தான் தூக்கம் போனது என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். பூட்டோடு வந்த காகித அச்சைக் கதவில் ஒட்டி, பென்சிலால் குறி வைத்து டிரில்லை அழுத்தினார். கதவின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிந்தது. காப்பாற்றுவதற்காகத்தான் என்றாலும் கதவில் ஓட்டை ஓட்டைதானே. பிறகு கதவின் விளிம்பில் உளியால் செதுக்கிப் பூட்டின் நாக்கை இறக்கினார். கதவு நிலையில் அது போய் விழுகிற இடத்தில் ஒரு தகட்டைப் பதித்தார்.

எண் வைக்கிற நேரம் வந்தது. பூட்டின் முதுகில் ஒரு தகடு. அதைக் கழற்றினால் உள்ளே அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய துண்டுகள் வரிசையாக நிற்கின்றன. நாலு சிவப்பு, மீதி நீலம். எந்த எண்களுக்கு நேரே சிவப்பு நிற்கிறதோ அவைதான் ரகசிய எண்கள். எப்படி மாற்றுவது என்று காட்டிவிட்டு இடுக்கியை என் கையில் கொடுத்த பாய், படிக்கட்டுக்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார்.

"ஏன் பாய், நீங்களே போட்டுடுங்களேன்."

"வேணாம்மா. நம்பர நம்ம கைல சொல்லாத. ஊரெல்லாம் கதவு மாட்றவன் நானு. நாளைக்கு எதுனா காணாம பூட்ச்சின்னா, மொதல்ல என் மூஞ்சிதான் உனுக்கு ஞாபகத்துக்கு வரும்."

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஏனென்றால் அவர் டிரில் போட்டுக்கொண்டிருந்தபோதே, இந்த மனுஷர் எண்ணைப் பார்த்துவிடுவாரே என்று நான் நினைத்திருந்தேன். பயம் வந்துவிட்டால் நாம் எவ்வளவு கேவலமாகிவிடுகிறோம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

துண்டுகளை மாற்றிப் போட்டு முதுகுத் தகட்டை மூடினேன். "கதவத் தெறந்து வச்சிகினே அமுக்கிப் பாரு. தப்பா மாட்டிகினு மூடிட்டேன்னா பூட்டு உள்ள, நீ வெளிய," என்றார் பாய், திரும்பாமலே. மகளிடம் எண்ணைக் காதில் சொல்லி அழுத்தச் சொன்னேன். அவள் அவசரத்தில் வரிசையை மாற்றி அழுத்தினாள். பூட்டு திறந்தது.

"பாய்! தப்பா அழுத்தினாலும் திறக்குது!"

"நாலு நம்பரும் அதானே?"

"அதேதான். வரிசைதான் மாறிப்போச்சு."

"வரிசையெல்லாம் இதுக்குக் கெடையாதும்மா. உள்ள கீற துண்டுக்கு எது முன்ன, எது பின்னன்னு இன்னா தெரியும்? நாலும் எறங்குச்சின்னா தெறக்கும்."

பெட்டியில் கிடந்த தாளை எடுத்துப் படித்தேன். அதிலும் அப்படித்தான் போட்டிருந்தது. அங்கேயே கணக்குப் போட்டேன். வரிசை உண்டென்றால் ஐயாயிரத்துச் சொச்சம் வழிகள். வரிசை இல்லையென்றால் வெறும் இருநூற்றுப் பத்து. பொறுமையுள்ள ஒருவன் அரை மணி நேரத்தில் முடித்துவிடுவான். பாயிடம் சொன்னேன். "அவ்ளோ நேரம் ஒருத்தன் உன் வாசல்ல நின்னுகினு நோண்டினா, எதிர் ஊட்டுக்காரன் சும்மாவா பாத்துகினு இருப்பான்?" என்றார். எதிர் வீடு பூட்டித்தான் கிடந்தது.

அதன் பிறகு மகளுக்கு நான் வகுப்பெடுத்தேன். எண்ணை யாருக்கும் சொல்லாதே. உன் ஷூவை வெளியே கழற்றாதே, பிள்ளை மட்டும் இருக்கிறது என்று தெரிந்துவிடும். யார் கதவைத் தட்டினாலும் திறக்காதே; "அம்மா குளிச்சுட்டு இருக்காங்க, அப்புறம் வாங்க" என்று சொல். அந்த வாக்கியத்தைப் பத்துத் தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். கம்ப்யூட்டரை வைத்து அம்மா குரலிலேயே பேசிப் பிள்ளைகளை ஏமாற்றுகிறார்களாம், வாட்ஸ்அப்பில் வந்தது. அதனால் குரலையும் நம்பாதே. எல்லாவற்றுக்கும் அவள் தலையாட்டினாள். சமத்து என்று நினைத்துக்கொண்டேன். தினமும் நாலு மணிக்கு வீட்டிலிருக்கும் பழைய போனிலிருந்து எனக்கு மிஸ்டு கால் வரும். அது வந்த பிறகுதான் எனக்கு டீ இறங்கும்.

ஆயுத பூஜை வந்தது. மிக்ஸி, கிரைண்டர், ஸ்கூட்டி, மகளின் ஜாமெட்ரி பாக்ஸ் என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு வந்தவள், வாசல் கதவுக்கு வந்ததும் நின்றேன். எங்களைக் காக்கிற ஆயுதம் இதுதானே என்று தோன்றியது. பத்துப் பொத்தானுக்கும் தனித்தனியாகச் சந்தனப் பொட்டு வைத்து, அதன் நடுவில் துளி குங்குமம் வைத்தேன். கற்பூரம் காட்டிக் கண்ணை மூடி, என் பிள்ளையைப் பார்த்துக்கொள் என்று அந்தப் பூட்டிடமே கேட்டேன். சிரிப்புக்காகச் சொல்லவில்லை, மனதாரத்தான் கேட்டேன்.

பூஜையும் மறுநாள் விஜயதசமியும் விடுமுறை. அதற்கடுத்த நாள் பள்ளி, ஆபீஸ். எங்கள் ஆபீஸ் மூன்றாவது மாடி. நாலு மணிக்கு மிஸ்டு கால் வந்தது. நிம்மதியாக டீ குடிக்கக் கீழே போகலாம் என்று லிஃப்டில் ஏறினேன். ஆபீஸிலும் பூஜை போட்டு லிஃப்ட் பொத்தான்களுக்கெல்லாம் பொட்டு வைத்திருந்தார்கள். கீழ்த்தளம், இரண்டு, மூன்று எல்லாம் அழிந்து தடம் மட்டும் கிடந்தது. ஒன்றாம் எண்ணின் மேல் மட்டும் பொட்டு வைத்தபடியே முழுசாக இருந்தது. முதல் மாடி பூட்டிக் கிடக்கும் கிடங்கு, அங்கே யாரும் போவதில்லை.

அந்த ஒன்றையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் வீட்டுக் கதவிலும் இப்போது ஆறு பொட்டு முழுசாகவும் நாலு பொட்டு அழிந்தும் இருக்கும். இரண்டு நாளாகவே அப்படித்தான் இருந்திருக்கும். வரிசைகூடத் தேவையில்லை. அழிந்த நாலையும் அழுத்தினால் கதவு திறக்கும், உள்ளே என் மகள் தனியாக இருக்கிறாள். ஊரார் செய்த பொருளில் முடி அளவு கீறலைக் கண்டுபிடிக்கிறவள், என் வாசலில் நானே எழுதி ஒட்டிய எண்ணைப் பார்க்காமல் இரண்டு நாளாகப் போய் வந்திருக்கிறேன்.

வீட்டுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடியும் போட்டேன். நாலு தடவை. எடுக்கவில்லை. யாரிடமும் சொல்லாமல், ஹெல்மெட்கூட எடுக்காமல் ஸ்கூட்டியைக் கிளப்பினேன். வானகரம் சாலையில் லாரிகளுக்கு நடுவே எப்படிப் போனேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. முருகா முருகா என்று சொல்லிக்கொண்டு வந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது, அதுவும் சத்தமாக. சிக்னலில் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

இரண்டு மாடியையும் ஓடியே ஏறினேன். கதவு மூடியிருந்தது. நான் நினைத்தபடியே ஆறு பொட்டு பளிச்சென்று, நாலு அழிந்து. குழந்தைகூடப் படித்துவிடும். எண்ணை அழுத்தினேன், கைப்பிடி திரும்பியது. ஆனால் கதவு அசையவில்லை. உள்ளே மேல் தாழ்ப்பாள் போட்டிருந்தது.

அந்தத் தாழ்ப்பாள் என் மகளுக்கு எட்டாது. எட்டினாலும் போடக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தேன், ஏதாவது ஆனால் கதவை யார் உடைப்பது என்று. அப்படியானால் போட்டது யார்? இரண்டு கையாலும் கதவை அறைந்தேன். உள்ளே எதையோ இழுக்கிற சத்தம் கேட்டு, உடனே நின்றது. பிறகு, கதவுக்கு மிக அருகிலிருந்து, மெல்லிய குரல் வந்தது.

"அம்மா குளிச்சுட்டு இருக்காங்க. அப்புறம் வாங்க."

"நான்தான்டி, அம்மா. கதவைத் திற."

மறுபடியும் கதவை அறைந்தேன்.

"உள்ள யாருடி இருக்கா? யாராவது வந்தாங்களா?"

"அம்மா குளிச்சுட்டு இருக்காங்க," என்றாள் மறுபடியும். குரல் நடுங்கியது. "அப்புறம் வாங்க."

நான் கற்றுக்கொடுத்தபடி ஒரு சொல் பிசகாமல், என்னிடமே சொல்கிறாள். கெஞ்சிப் பார்த்தேன், பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேன். பயம் முற்றி எனக்குக் கோபமாகத் திரும்பிவிட்டது. "அடியே எருமைமாடு, இப்ப கதவைத் திறக்கல, நாளைக்கு உனக்குச் சோறு கிடையாது, முதுகுத் தோலை உரிச்சுருவேன் பாத்துக்க!" என்று கத்தினேன். தாழ்ப்பாள் சட்டென்று விலகியது. கதவைத் தள்ளித் திறந்தேன். சாப்பாட்டு மேஜை நாற்காலியின் மேல் நின்றுகொண்டிருந்தாள். வியர்த்துப் போயிருந்தாள்.

"திட்டினதும் நீதான்னு தெரிஞ்சுடுச்சு," என்றாள்.

வீட்டை ஒரு சுற்று ஓடிப் பார்த்தேன். யாரும் இல்லை, யாரும் வரவும் இல்லை. திரும்பி வந்து கேட்டேன், "போனை ஏன் எடுக்கல?"

"போன் ரூம்ல சார்ஜ்ல இருக்கும்மா. நான் கதவுகிட்ட இருந்தேன்."

"கதவுகிட்ட என்ன பண்ற?"

கதவுக்குப் பின்னால் தரையில் அவளுடைய நோட்டுப் புத்தகங்கள் விரிந்து கிடந்தன. பக்கத்தில் தண்ணீர் பாட்டில், பிஸ்கட் டப்பா.

"தினமும் இங்கதான் உட்காருவியா?"

தலையாட்டினாள். "தாழ்ப்பாள் போட்டுட்டு, கதவுல சாஞ்சு உட்கார்ந்துப்பேன். யாராவது தள்ளினா எனக்குத் தெரியும்ல."

"எப்பலேர்ந்து?"

"ஸ்கூல் திறந்ததுலேர்ந்து."

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. பூட்டு மாட்டுவதற்கும் முன்பே, சாவி தொலைவதற்கும் முன்பே.

"நான் ஆறரைக்கு வர்றப்ப ஒருநாள்கூடத் தாழ்ப்பாள் போட்டிருக்கலையே?"

"உன் ஸ்கூட்டி சத்தம் கேட்டதும் எடுத்துருவேன். நாற்காலியையும் திரும்ப மேஜைகிட்ட போட்டுருவேன். இன்னைக்கு நேரத்துக்கு முன்னாடி சத்தம் கேட்டுச்சா, அதான் நீயில்லன்னு நினைச்சேன்."

"என்கிட்ட ஏன்டி சொல்லல?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று எடை போடுகிற பெரிய மனுஷியின் பார்வை அது.

"நீ ஏற்கெனவே ரொம்ப பயப்படுறம்மா," என்றாள். "நானும் பயப்படுறேன்னு தெரிஞ்சா நீ என்னதான் பண்ணுவ?"

அவளைக் கட்டிக்கொள்ளக்கூடத் தோன்றாமல், செருப்பைக் கழற்றாமலே அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய், டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.